பச்சை மக்

வீட்டில் இரண்டரை ரோல் டாய்லெட் பேப்பர் இருந்தது. கொரோனா பயம் பரவியிருந்த 2020 மார்ச் 7, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே நான் மெல்பர்னின் வடக்குப் பக்கம் தாமஸ்டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். கதவு திறந்ததும் யாரும் ஓடவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கமாக, ஓட்டத்துக்கு அரை அடி குறைவான வேகத்தில் நடந்தார்கள். நானும் நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த வரிசையில் வெறும் தட்டுகளும் விலைச் சீட்டுகளும்தான் மிச்சம். ஒரு தட்டில் யாரோ பாதி கடித்த ஆப்பிளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஹாங்காங்கின் மோங்காக் பகுதியில் கத்தியோடு வந்த திருடர்கள் 600 ரோல் டாய்லெட் பேப்பரைக் கொள்ளையடித்ததாகச் செய்தி வந்தபோது நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மா சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"எதுக்குடா இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வர்ற? கால் கழுவ பேப்பர் எதுக்கு? இந்த ஊர்ல தண்ணி வர்றதில்லையா?"

அம்மா ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து மூன்று மாதம் தங்கிப்போக வந்திருந்தார். நாங்கள் நால்வர், அவரோடு ஐவர். வந்த அன்றே பெட்டியிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கை எடுத்துக் கழிவறை மூலையில் வைத்துவிட்டார். எனக்கு அது கூச்சமாக இருந்தது. நண்பர்கள் சாப்பிட வரும்போது அதை எடுத்து அலமாரிக்குள் ஒளித்துவைத்துவிடுவேன். பதினொரு வருஷமாகப் பேப்பரிலேயே பழகிவிட்ட ஆள் நான்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் அந்த வருஷம் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் எதையெல்லாம் முயன்றோம், எது உருப்பட்டது, எது 280 டாலர் தண்டம் வைத்தது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. பேப்பர் உண்மையில் தீர்ந்துபோகவில்லை. நான் ஒரு மளிகைச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் புரியும். இருபத்துநான்கு ரோல் கட்டு ஒன்று கிடங்கில் ஒரு சின்ன அரிசி மூட்டைக்குச் சமமான இடத்தைப் பிடிக்கும், ஆனால் லாபம் சொற்பம். அதனால் எந்தக் கடையும் அதைப் பின்னறையில் அடுக்கிவைக்காது. தட்டில் இருப்பதுதான் கையிருப்பு. வழக்கமாக வாரத்துக்கு ஒரு கட்டு வாங்குகிறவர்களில் ஐம்பது பேர் "எதற்கும் இன்னொன்று" என்று எடுத்தால் போதும், பத்து மணிக்குத் தட்டு காலி. காலித் தட்டைப் படம் பிடித்து ஒருவர் அனுப்பினால் அடுத்த நூறு பேர் கிளம்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் விற்கும் டாய்லெட் பேப்பரில் பெரும்பங்கு உள்ளூரிலேயே தயாராவது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மில்லிசென்ட் ஆலை அப்போது இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அதெல்லாம் யார் காதில் ஏறியது? மார்ச் 4-ஆம் தேதியே வூல்வொர்த்ஸ் சூப்பர்மார்க்கெட் ஒரு தடவைக்கு நான்கு கட்டு என்று வரம்பு வைத்தது. பிறகு அதுவும் குறைந்துகொண்டே வந்தது. டார்வினிலிருந்து வரும் என்டி நியூஸ் நாளிதழ் மார்ச் 5 அன்று எட்டுப் பக்கத்தை வெறும் வெள்ளையாக அச்சிட்டு, கிழித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கோடு போட்டுக் கொடுத்தது. கிண்டல்தான், ஆனால் நல்ல கிண்டல்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிக்கவில்லை. அலுவலகமும் பள்ளியும் மூடினால் அங்கே போகவேண்டியதும் வீட்டிலேயே போகும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மார்ச் 24-இலிருந்து பிள்ளைகள் வீட்டில். மனைவிக்கும் வீட்டிலிருந்து வேலை. ஐந்து பேரும் நாள் முழுக்க ஒரே கழிவறை. ரோல் முன்பைவிட வேகமாகக் கரைந்தது. அலுவலகங்களுக்குப் போகும் பேப்பர் வேறு ரகம், வேறு அளவு, வேறு லாரி. அது அங்கே தேங்கி நின்றது. விடுதி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் முதலாளியிடம் கேட்டு ஒரு ஜம்போ ரோல் கொண்டுவந்து கொடுத்தார். முந்நூறு மீட்டர், சின்ன ஸ்டூல் அளவு. எந்தத் தாங்கியிலும் மாட்டாது. துடைப்பக் கட்டையில் கோத்து இரண்டு நாற்காலி முதுகில் மாட்டி, கழிவறை வாசலில் வைத்தோம். இழுக்கும்போதெல்லாம் தறி மாதிரி சத்தம் போடும். மகன் அதை வைத்து ரயில் ஓட்டினான். மூன்றாம் நாள் கால்வாசிப் பேப்பர் ஹாலில் கிடந்தது.

சரி, மாற்று வழிகளுக்கு வருகிறேன். நான் முதலில் செய்தது பெரிய தப்பு.

இரண்டரை ரோல் அரை ரோலானபோது சமையலறைப் பேப்பர் டவல் இரண்டு கட்டு கிடைத்தது. பேப்பர்தானே என்று அதையே கழிவறையில் வைத்தேன். உபயோகித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டோம். நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு, திறந்துவிட்ட தண்ணீர் கீழே போவதற்குப் பதில் மேலே வந்தது. கோப்பையின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. அந்த ஒரு விரற்கடைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

திங்கள் காலை வந்த பிளம்பர் நீளமான கம்பிச் சுருளை உள்ளே விட்டுத் திருகி எடுத்தார். சாம்பல் நிறத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. கையுறை போட்ட விரலால் பிரித்துக் காட்டினார். நான்கு நாளுக்கு முந்தைய பேப்பர் டவல், அதன் புள்ளிக்கோலம் போன்ற அச்சுகூட அழியவில்லை. வீடு எழுபதுகளில் கட்டியது. வெளியே மண்குழாய், இணைப்புகளில் மரவேர் நுழைந்திருக்கிறது. சாதாரணப் பேப்பர் அந்த வேரைத் தாண்டிக் கரைந்து போய்விடும், இது மாட்டிக்கொள்ளும் என்றார். அந்த வாரம் முழுக்க இதே வேலைதானாம். 280 டாலர். அந்தக் காசுக்கு எவ்வளவு டாய்லெட் பேப்பர் வாங்கியிருக்கலாம் என்று மனைவி கணக்குப் போட ஆரம்பித்தாள். நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

பள்ளி மூடியதும் மகள் இதையே ஒரு சோதனையாகச் செய்தாள். இது யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடியது, செய்தும் பார்க்கவேண்டியது. காலி ஊறுகாய் பாட்டில்கள் ஐந்து. எல்லாவற்றிலும் பாதித் தண்ணீர். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவுத் துண்டு: டாய்லெட் பேப்பர், முகம் துடைக்கும் டிஷ்யூ, சமையலறை டவல், குழந்தைகளின் ஈரத் துடைப்பான், செய்தித்தாள். மூடியை இறுக்கி ஒவ்வொன்றையும் முப்பது குலுக்கல். டாய்லெட் பேப்பர் பத்துக் குலுக்கலிலேயே கஞ்சி. முக டிஷ்யூ நாராகக் கிழிந்து மிதந்தது, கரையவில்லை. செய்தித்தாள் தளர்ந்தது, ஆனால் தலைப்பைப் படிக்க முடிந்தது. சமையலறை டவலை வெளியே எடுத்துப் பிழிந்து மேசையைத் துடைத்தாள். ஈரத் துடைப்பான் கடையில் வாங்கியது போலவே இருந்தது. மறுநாள் காலை பார்த்தபோதும் அப்படியேதான்.

டவலில் ஈரத்திலும் கிழியாமல் இருப்பதற்காகவே ஒரு பிசின் சேர்க்கிறார்கள். ஈரத் துடைப்பானில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை. "கழிவறையில் போடலாம்" என்று பாக்கெட்டில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். எதை அப்படி எழுதலாம் என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு தரநிலை வந்ததே 2022-இல்தான். லண்டன் வைட்சேப்பல் பகுதியில் 2017-இல் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் கொழுப்புக்கட்டி கிடைத்தது. சமையல் எண்ணெயும் இந்தத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகியதுதான் அது. அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்துக் காட்டினார்கள். டவலோ, டிஷ்யூவோ, செய்தித்தாளோ வேறு வழியில்லாமல் எடுத்தாலும், உபயோகித்ததை மூடி போட்ட தொட்டியில் பையைக் கட்டிப் போடுங்கள். கோப்பைக்குள் வேண்டாம். செய்தித்தாளை இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கிக் கசக்கி விரித்தால் கொஞ்சம் மெத்தென்று ஆகும். மை கையில் ஒட்டும். அவசரத்துக்கு ஒருநாள் ஆகும், அவ்வளவுதான்.

பிளம்பர் போன அன்று சாயங்காலம் அம்மா பச்சை மக்கை எடுத்து ஹாலில் டீப்பாய் மேல் வைத்தார். "இனிமே இதை யாராவது ஒளிச்சு வெச்சீங்கன்னா பாருங்க."

அம்மா சொன்னதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் "பார்த்தீர்களா, நம் முன்னோர் அறிவை" என்று மார்தட்டல்தான். எனக்கு எரிச்சலாக வரும். ஊரில் கழுவுவது சுலபமாக இருப்பதற்கு முன்னோர் அறிவு பாதி, ஈரத்துக்குத் தயாராகக் கட்டிய கழிவறை மீதி. அங்கே எட்டும் தூரத்தில் குழாய், சரிவான தரை, மூலையில் சாக்கடை வாய். தண்ணீர் சிந்தினால் அதுபாட்டுக்குப் போய்விடும். இங்கே எங்கள் கழிவறை ஒரு தனி அறை, ஆளுயர அலமாரி அளவு. உள்ளே குழாய் கிடையாது. கை கழுவ அடுத்த அறைக்குப் போகவேண்டும். தரையில் தண்ணீர் போக வழியே இல்லை. கதவைத் திறந்தால் கார்ப்பெட். முதல் வாரம் மகன் மக்கோடு தாத்தா காலத்துக் கிணற்றடியில் குளிப்பது போல ஊற்றிவிட்டு வந்தான். கார்ப்பெட் காய மூன்று நாள் ஆனது, வாடை போக ஒரு வாரம்.

தங்கை சென்னை பல்லாவரத்தில் இருக்கிறாள். இந்தப் பெருமைப் பேச்சைக் கேட்டு அவள் சொன்னதும் நியாயம்தான்: "போன வருஷம் இதே மாதிரி பேசியிருந்தா உதைச்சிருப்பேன்." 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயம். அவர்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு நாளைக்கு நான்கு குடம்தான். அவள் காய்கறி கழுவிய தண்ணீரைத்தான் கழிவறைக்கு எடுத்துவைப்பாளாம்.

ஆகவே எங்கள் அலமாரி அளவு அறைக்கு ஏற்ற மாதிரி ஒரு முறையைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பல தடவை சொதப்பி, கடைசியில் நிலைத்தது இதுதான்.

தண்ணீருக்கு மூன்று லிட்டர் பால் கேன். இங்கே பால் கைப்பிடி வைத்த கேனில் வரும். கழுவிக் காயவைத்துக் கழிவறை மூலையில் வைத்தோம். முடித்து வருகிறவர் பக்கத்துக் குளியலறையில் மறுபடி நிரப்பி வைக்கவேண்டும், இது சட்டம். சட்டத்தை மீறுகிறவர் நானேதான் என்று பிறகு தெரிந்தது. ஏப்ரல் கடைசியில் தண்ணீர் ஐஸாகிவிட்டது. மெல்பர்ன் குளிரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தூக்கிவாரிப் போடும். அதன்பின் ஒரு பங்கு சுடுதண்ணீர் கலந்து நிரப்பினோம். கேனிலேயே நாள்கணக்கில் தேங்கவிடவேண்டாம், உள்ளே வழுவழுப்புப் பிடிக்கும்.

மக் அம்மாவுக்கும் எனக்கும் சரிப்பட்டது. மேற்கத்திய இருக்கையில் ஊரில் குத்தவைத்து உட்கார்ந்து ஊற்றுவது போல ஊற்றினால் பாதி வெளியே போகும். கொஞ்சம் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முதுகை நன்றாக முன்னால் வளைத்து, வலக்கையால் பின்னாலிருந்து முதுகு முடியும் இடத்தில் மெதுவாகச் சரிக்கவேண்டும். ஒரே தடவையில் கொட்டாமல், நூல் பிடித்த மாதிரி. இடக்கை வேலையைப் பார்க்கும். பெண்களும் சிறுமிகளும் எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவவும் துடைக்கவும் வேண்டும். மாறினால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. அரை லிட்டர் தண்ணீர் போதும். அம்மாவுக்கு அதிலும் பாதி போதும்.

பிள்ளைகளுக்கு மக் சரிவரவில்லை. மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மகன் பிறந்தபோது மருத்துவமனையில் தையல் போட்ட இடத்தைக் கழுவ ஒரு பிழியும் பாட்டில் கொடுத்திருந்தார்கள். அது அலமாரியில் எங்கோ கிடந்தது. அதைத் தேடி எடுத்தாள். பிழிந்தால் மெல்லிய தாரையாக வரும், சிந்தாது, பிடிக்க ஒரு கை போதும். அது ஒன்றுதானே இருந்தது, மற்றவர்களுக்கு? ஒன்றேகால் லிட்டர் குளிர்பானப் பாட்டில் மூடியில் சுட்ட ஊசியால் நான்கைந்து துளை போட்டேன். வேலை செய்தது, ஆனால் கனம். தக்காளி சாஸ் ஊற்றும் மெத்தென்ற பாட்டில்தான் கடைசியில் நின்றது, இரண்டு டாலர். ஆளுக்கு ஒன்று. பயணத்துக்கும் இதுவே. இன்றைக்கும் என் காரில் ஒன்று கிடக்கிறது.

கழுவியதும் துடைப்பது. ஊரில் இதை யாரும் யோசிப்பதில்லை. வெயிலில் புடவையோ வேட்டியோ தானே காய்ந்துவிடும். இங்கே பத்து டிகிரி குளிரில் ஈரத்தோடு ஜீன்ஸை ஏற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் உரசல், இரண்டு நாளில் புண். அதனால் பேப்பர் முழுக்கப் போய்விடவில்லை. ஒத்தியெடுக்க இரண்டு தாள், அவ்வளவுதான். எங்கள் கணக்கு இது: முன்பு 180 தாள் ரோல் ஒன்றரை நாளில் காலி. தண்ணீருக்கு மாறிய பிறகு அதே ரோல் ஆறு நாள், சில வாரம் ஏழு நாள்.

அந்த இரண்டு தாளையும் மிச்சம் பிடித்தது அப்பாவின் வேட்டி. அம்மா ஊறுகாய் பாட்டில்கள் உடையாமல் இருக்க, அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்பா போய் ஆறு வருஷம். நூறு தடவை வெளுத்து வெளுத்து முகத்தில் வைத்தால் தெரியாத மெத்து. எண்ணெய்க் கறையும் ஒரு மூலையில் கடுகும் ஒட்டியிருந்தது. அம்மா அதை மடியில் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார். "கரித்துணியாப் போறதுக்கு இது மேல்" என்றார். ஒரு சாண் சதுரமாக எண்பது துண்டு வந்தது. இழை பிரியாமல் ஓரம் மடித்துத் தைத்தார். ஆளாளுக்கு ஒரு நிற நூல்: மகளுக்கு ரோஸ், மகனுக்கு நீலம், மனைவிக்கு மஞ்சள், எனக்குக் கறுப்பு, தனக்கு வெள்ளை.

துணி வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில விஷயம். துணி துடைக்க இல்லை, நன்றாகக் கழுவிய பிறகு ஈரம் ஒத்த மட்டும். வயிற்றுப்போக்கு உள்ள நாளில் துணியே வேண்டாம், பேப்பரை எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். சுத்தத் துணிக்கு ஒரு கூடை, உபயோகித்ததற்கு மூடி போட்ட வாளி. வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கவேண்டாம். நாற்றமும் வரும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஆபத்தும்கூட. இரண்டு நாளைக்கு ஒருமுறை, மற்றத் துணியோடு சேர்க்காமல், இயந்திரத்தில் சுடுதண்ணீர்ச் சலவை. பிறகு வெயிலில் கொடி. பிளீச் போடுகிறவர்கள் அதோடு வினிகரையோ வேறு கழிவறைத் திரவத்தையோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும். ஒவ்வொரு தடவையும் கைக்குச் சோப்பு, இருபது விநாடி, நகம் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும். சானிடைசர் இந்த வேலைக்குச் சோப்புக்கு மாற்று இல்லை.

"ஒரு ஹெல்த் பாசெட் மாட்டிவிட்டால் போச்சே" என்று ஊரிலிருந்து எல்லாரும் கேட்டார்கள். கழிவறையில் கழுவ மாட்டும் கைத்தெளிப்பான் அது. நானும் இணையத்தில் ஒன்று பார்த்து ஆர்டர் போடப் போனேன். முன்பு வந்த அதே பிளம்பரிடம் போனில் கேட்டபோதுதான் விவகாரம் தெரிந்தது. கைத்தெளிப்பான் நழுவிக் கோப்பைக்குள் விழுந்து கிடக்கும்போது தெருக்குழாயில் அழுத்தம் குறைந்தால், கோப்பைத் தண்ணீரைக் குழாய் உறிஞ்சிக் குடிதண்ணீரோடு கலந்துவிடலாம். அதனால் இங்கே இதை அதிக ஆபத்துள்ள இணைப்பாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் திரும்பிப் பாயாமல் தடுக்கும் தனிக் கருவி வேண்டும், உரிமம் பெற்ற பிளம்பர்தான் மாட்டவேண்டும், பொருளில் வாட்டர்மார்க் என்ற தரச்சான்று முத்திரை இருக்கவேண்டும். அதிலும் சில கருவிகளை வருஷாவருஷம் சோதிக்கவேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதமும். எழுபது டாலர் சாமானுக்கு இவ்வளவு சடங்கா என்று முதலில் அலுத்துக்கொண்டேன். யோசித்தால், எங்கள் தெருவின் குடிதண்ணீர் அது. சொந்த வீடு வாங்கும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். சாஸ் பாட்டிலுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

பக்கத்து வீட்டு இத்தாலிப் பாட்டியைச் சொல்லவேண்டும். எண்பது வயதுக்கு மேல், தனியாக இருக்கிறார். வூல்வொர்த்ஸ் மார்ச் 17 முதல் காலை ஏழிலிருந்து எட்டுவரை முதியவர்களுக்கென்று கடையைத் திறந்தது. பாட்டி முதல் நாளே தள்ளுவண்டியோடு போய் ஒரு கட்டு வாங்கிவந்து, வேலிக்கு மேலே கை நீட்டி எங்களுக்கு இரண்டு ரோல் கொடுத்தார். அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன் தொலைக்காட்சியில் பதுக்குவதை நிறுத்துங்கள் என்று கண்டித்ததற்கு முந்தின நாள் அது. அம்மா பதிலுக்கு ஒரு கிண்ணம் எலுமிச்சை சாதம் கொடுத்தார். எலுமிச்சை பாட்டி வீட்டு மரத்தில் காய்த்ததுதான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டிக்கும் ஆங்கிலம் அரைகுறை. இருவரும் வேலியோரம் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒருநாள் அம்மா பச்சை மக்கை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு மேலே தூக்கிக் காட்டி, சைகையோடு பாடம் நடத்துவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு "வா, வா" என்று கையசைத்துத் தன் வீட்டுக் குளியலறை ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்தே எட்டிப் பார்க்கச் சொன்னார். நானும் மொழிபெயர்க்கும் சாக்கில் போனேன். உள்ளே இளநீல ஓடு. கழிவறைக் கோப்பையை ஒட்டி அதே நீலத்தில் தாழ்வாக இன்னொரு கோப்பை, குழாயோடு. அதற்குள் ஒரு பெரிய பெரணிச் செடித் தொட்டி உட்கார்ந்திருந்தது.

பிடே, உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் கோப்பை. இத்தாலியில் 1975-ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது அது இருக்கவேண்டும். பாட்டியின் கணவர் கட்டட வேலைக்காரர், இந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர். அதையும் பொருத்தியிருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து, பள்ளித் தோழர்கள் வந்து "இது என்ன, கால் கழுவும் தொட்டியா" என்று கேட்கக் கேட்க வெட்கமாகி, எண்பதுகளில் யாரோ ஒரு செடியை உள்ளே வைத்தார்களாம். நாற்பது வருஷமாகச் செடிகள் மாறின, இடம் மாறவில்லை. என் அலமாரி மக் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அம்மாவின் திரும்பும் டிக்கெட் ஏப்ரலுக்கு. மார்ச் கடைசியில் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. ஜூனில் சிறப்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். பெட்டியில் எடை கூடிவிட்டதால் ஊறுகாய் பாட்டில், குக்கர், மக் மூன்றும் இங்கேயே தங்கின.

அதே ஜூன் கடைசி வாரம் மெல்பர்னில் தொற்று மறுபடி ஏறியது. சூப்பர்மார்க்கெட்டுகள் திரும்பவும் வரம்பு வைத்தன. காலித் தட்டுப் படங்கள் திரும்பவும் போனில் வந்தன. எங்கள் அலமாரியை எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது ரோல். இரண்டு மாதம் ஓடும். கடைக்குப் போகவில்லை. பாட்டிக்கு வேண்டுமா என்று கேட்க இரண்டு ரோலோடு வேலிக்குப் போனேன்.

பாட்டி வேண்டாம் என்று கையை ஆட்டினார். "மம்மா போன் பண்ணினாளா?" என்று கேட்டார். பண்ணினார், நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் பின்னால், வராந்தாப் படியில், குளிரில் இலை சுருண்டு அந்தப் பெரணித் தொட்டி நின்றது.